ஒரு நாளில் ஓர் எரிமலைத் தீவு

முன்னுரை

டோல்கேட்டில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் கடல் வந்துவிடும். அலையரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களின் மீது நின்று நோக்கினால், துறைமுகத்தினுள் நுழைய முறை வைத்துக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அக்கப்பல்களுக்கும் அப்பால், ஏறத்தாழ நேர்கிழக்கே 1,500 கிலோமீட்டர் தொலைவில், நம் நாட்டின் உயிருள்ள எரிமலை ஒன்று கடல் நடுவே நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

எரிமலை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன இத்தாலியின் வெசூவியசும் சப்பானின் பியூஜியுமே. வசதி படைத்தோர் எரிமலைத் தீவு காணக் கிரேக்க நாட்டின் சாண்டொரினிக்குச் செல்கின்றனர். அங்கு ஒரு வண்டியும் ஒரு வழிகாட்டியும் அமர்த்திக்கொண்டால் ஒரே நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிடலாம். நல்ல வழிகாட்டி என்பவர் இடத்தைக் காட்டுபவர் மட்டுமல்லர். இடத்தைப் படிக்கக் கற்றுத் தருபவரும் ஆவார். பயணச்சீட்டு இல்லாவிடினும் நிலப்படம் நம்மிடம் உண்டு. அதனை விரித்து வைத்துக்கொண்டு, நண்பர்களே, ஒரு நாள் பயணம் புறப்படுவோம்.

காலை: கிரேக்கத் தீவு

சாண்டொரினியின் பழம்பெயர் தேரா. பிறை வடிவாய் வளைந்த தீவு. அதன் உட்புறம் கடலிலிருந்து 300 மீட்டர் வரை செங்குத்தாக எழும் பாறைச் சுவர். அச்சுவரின் உச்சியில் வெண்ணிற வீடுகள் அமைந்துள்ளன. கீழே நீர் நிறைந்து விளங்கும் பெரும்பள்ளம் குடாவன்று; எரிமலை தன்னைத் தானே விழுங்கிக்கொண்ட வாய். உள்ளிருந்த பாறைக் குழம்பு பெருமளவில் வெளியே வீசப்பட்டதும், தாங்குதல் இழந்த மேற்பகுதி உள்நோக்கிச் சரிந்தது. கடல் உட்புகுந்தது. கி.மு. 1600 அளவில் நிகழ்ந்த இப்பெருவெடிப்பு உலக வரலாற்றின் மாபெரும் வெடிப்புகளுள் ஒன்றாகும்.

1860களில் சூயசுக் கால்வாய் வேலைக்காக இத்தீவின் எரிமலைச் சாம்பல் வெட்டி எடுத்துச் செல்லப்பட்டது. சுண்ணாம்புடன் சேர்த்தால் நீருக்கடியிலும் இறுகும் தன்மை அச்சாம்பலுக்கு உண்டு. 1967இல் ஸ்பிரிடன் மரினாட்டோஸ் என்னும் தொல்லியல் அறிஞர் அக்ரோத்திரி என்ற இடத்தில் அகழ்வாய்வைத் தொடங்கினார். சாம்பலுக்கடியில் மாடி வீடுகளும் சுவரோவியங்களும் வடிகால்களும் கொண்ட ஒரு நகரமே வெளிப்பட்டது. ஆயின் பாம்பேயில் கிடைத்ததுபோல மாண்ட மக்களின் உடல்கள் அங்குக் கிடைக்கவில்லை. முன்னதாக ஏற்பட்ட நில அதிர்ச்சிகளைக் கண்டு, கையில் எடுக்கக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு மக்கள் வெளியேறிவிட்டனர் என்று அறிஞர் கருதுகின்றனர். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம்; மாலையில் இது தேவைப்படும்.

நண்பகல்: நம் தீவு

இனி நம் கடலுக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று நாட்களாகும். தலைநகரான போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அங்கிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் உள்ளது பாரன் தீவு. 'பாரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு என்பது பொருள். சுமார் 3 கிலோமீட்டர் விட்டமுடைய வட்டத் தீவு. மனிதக் குடியிருப்பு இல்லை. கரையேறவும் அனுமதி இல்லை. உரிய அனுமதி பெற்ற கப்பலில் இருந்தபடியே காண வேண்டும்.

இங்கும் சாண்டொரினியைப் போலவே ஒரு பெரும்பள்ளம் உண்டு. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலம். அதன் மதில் மேற்குப் பக்கத்தில் உடைந்துள்ளது. பள்ளத்தின் நடுவே கருஞ்சாம்பல் கூம்பு எழுந்து நிற்கிறது. உருகிய பாறைக் குழம்பு அவ்வுடைப்பின் வழியாகவே கடலை அடைகிறது. தீவின் உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 350 மீட்டர் அளவே. ஆயின் கடலடியிலிருந்து அளந்தால் இம்மலை 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. நாம் காண்பது அதன் தலைப்பாகையை மட்டுமே.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த ஆங்கிலக் கடற்படையினர் இதன் புகையையும் நெருப்பையும் குறித்து வைத்தனர். 1787, 1789 ஆகிய ஆண்டுகளின் குறிப்புகள் உள்ளன. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் அடங்கிய மலை, ஒன்றரை நூற்றாண்டு அளவு உறங்கி, 1991இல் திடீரென விழித்தது. பல மாதங்கள் குமுறியது. 1994, 2005 ஆகிய ஆண்டுகளிலும் வெடித்தது. 2017 சனவரி 23 அன்று, அருகே ஆய்வுக் கப்பலில் இருந்த தேசியக் கடலியல் நிறுவன அறிவியலாளர்கள், பகலில் சாம்பல் மேகமும் பொழுது சாய்ந்ததும் செந்நிறக் குழம்பின் ஊற்றும் எழக் கண்டனர். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் நிகழ்ந்தன. இறந்த மலை என்று இனி எவரும் கூற இயலாது.

பிற்பகல்: நெருப்பின் காரணம்

கடலுக்கு நடுவே நெருப்பு எவ்வாறு வந்தது? அந்தமானுக்கு மேற்கே, நம் நாட்டைத் தாங்கும் நிலத்தட்டு, கிழக்கேயுள்ள தட்டிற்கு அடியில் ஆண்டிற்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் நகம் வளரும் வேகம் எனலாம். கீழே செல்லும் தட்டு தீப்பிடித்து உருகுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர், அது சரியன்று. அத்தட்டு தன்னுள் கடல்நீரைப் பிணைத்துக்கொண்டு செல்கிறது. ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்நீர் பிழியப்பட்டு, மேலுள்ள சூடான பாறையினுள் ஏறுகிறது. நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைக் காட்டிலும் குறைந்த வெப்பத்திலேயே உருகும்.

இதற்கு உவமை தேடித் தொலைவு செல்ல வேண்டா. காசிமேட்டில் ஐஸ் கட்டியின் மேல் உப்புத் தூவினால் என்ன ஆகிறது? சூடு சேர்க்காமலே கட்டி இளகுகிறது. உப்பு அதன் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. பனிக்கட்டிக்கு உப்பு செய்வதைப் பாறைக்கு நீர் செய்கிறது. உருகிய பாறை எடை குறைந்ததாதலின் மேலெழுந்து எரிமலையாகிறது. பாரன் தீவும், அதற்கு வடக்கேயுள்ள நார்கோண்டமும், தெற்கே சுமத்திரா, சாவாத் தீவுகளின் எரிமலைகளும் இவ்வாறு அமைந்த ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

நம் கடற்கரையில் கிடக்கும் கருங்கற்களைக் கண்டு இவையும் எரிமலைக் கற்களோ என ஒரு நண்பர் வினவினார். அல்ல. சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரக் குன்றுகளின் பாறை சார்னோகைட் எனப்படும். அது நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தில் உருவாகி, 250 கோடி ஆண்டு அளவு முதுமை எய்தியது. பாரன் தீவின் மேற்பரப்புப் பாறைகளிலோ நம்மைவிட இளையவையும் உண்டு!

மாலை: அக்கரையும் இக்கரையும்

அந்நிலத்தட்டு எப்போதும் வழுக்கிச் செல்வதில்லை; சிக்கி நின்று, பின் திடீரென விடுபடும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.28 மணிக்குச் சுமத்திரா முதல் அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு அப்படி விடுபட்டது. எழுந்த பேரலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம் கரையைத் தொட்டது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். காசிமேடு முதல் எண்ணூர் வரை படகும் வலையும் வீடும் இழந்தோர் பலர். பாரன் தீவு அவ்வலையை எழுப்பவில்லை. ஆயினும் அந்த நெருப்பும் இந்த அலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. எரிமலை புகைந்தால் சுனாமி வரும் என்று கைப்பேசியில் பரவும் வதந்தியை நம்பவும் கூடாது. கடலடி நில அதிர்ச்சியை அலட்சியம் செய்யவும் கூடாது.

அன்று நமக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது; அறிவிப்பாரில்லை. சிறிய அந்தமான் தீவின் ஓங்கே பழங்குடியினர்க்கோ மிகக் குறைந்த நேரமே இருந்தது. நிலம் அதிர்ந்ததையும் கடல் உள்வாங்கியதையும் கண்ட அவர்கள் மேட்டு நிலம் ஏறி உயிர் பிழைத்தனர். தேராவின் மக்கள் செய்ததும் அதுவே. கருவி இல்லாத இரு சமூகங்கள் நிலத்தைப் படிக்கத் தெரிந்திருந்தன. நமக்குப் பள்ளியும் கல்லூரியும் இருந்தன, பாடம் இல்லை.

முடிவுரை

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி முன்னறிவிப்பு மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவை அடுத்த கடலில் பெருநில அதிர்ச்சி ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினர், பேரலை வரவில்லை. 2025 பிப்ரவரியில் சாண்டொரினியிலும் தொடர் அதிர்ச்சிகளால் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் தீவை விட்டுச் சென்றனர்; எரிமலை வெடிக்கவில்லை. "வீண் அலைச்சல்" என்று இவற்றை ஏளனம் செய்வோர் உண்டு. வராத ஆபத்திற்கு அஞ்சி ஒரு மாலை மேட்டில் நிற்பது இழப்பன்று. வந்த ஆபத்தைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதே இழப்பு.

இன்று இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் 2004இல் பிறந்திருக்கவில்லை. நம் பெற்றோர்க்கு அது நினைவு, நமக்குப் பாடம். நினைவு ஒரு தலைமுறையோடு மங்கும். பாடமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். அடுத்த முறை கருங்கற்களின் மேல் நின்று கப்பல்களை எண்ணும்போது, அடிவானத்திற்கு அப்பாலுள்ள அத்தீவையும் நினைவில் கொள்வோம். நிலம் அதிர்ந்தாலும் கடல் உள்வாங்கினாலும் என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கு இன்றே சொல்லி வைப்போம்.