பழைய விளையாட்டு அட்டைகள்

பழமை மட்டுமே ஓர் அட்டைக்கு விலை தேடித் தருவதில்லை. அமெரிக்காவில் டாப்ஸ் நிறுவனம் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளைச் சிறுவர்கள் ரப்பர் வளையத்தால் கட்டினார்கள். சைக்கிள் சக்கரத்திலும் செருகினார்கள். விற்காமல் தேங்கியவற்றைக் கடலில் கொட்டியதாக அந்நிறுவன அலுவலர் சை பெர்கர் பிற்காலத்தில் கூறினார். நல்ல நிலையில் எஞ்சியவை சில. அதனால்தான், ஏறத்தாழப் புதிதாகவே இருந்த மிக்கி மேண்டில் அட்டை ஒன்று 2022இல் 12.6 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. 1980களின் இறுதியிலோ அட்டைகள் அளவுக்கு மீறி அச்சாயின. விலை ஏறும் என நம்பிப் பலரும் பத்திரப்படுத்தினர். அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

வாங்குமுன் நான்கு மூலைகளையும் பாருங்கள். மழுங்காமல் உள்ளனவா? படம் நடுவில் அமைந்துள்ளதா? மடிப்புக் கோடு தெரிகிறதா? தேய்ந்த ஓரத்தைச் சீவிப் புதிதுபோல் காட்டி விற்போரும் உளர். அதே தொடரின் இன்னோர் அட்டையை மேலே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கைச்செலவுப் பணத்தில் சேகரிப்பவருக்கு மூலை மழுங்கிய அட்டையே ஏற்றது. விலை பல மடங்கு குறைவு. பிடித்த ஆட்டக்காரரின் முகமோ அதேதான். பின்புறத்தில் அச்சிட்டுள்ள ஆட்ட விவரங்களையும் அச்சமின்றிக் கையில் எடுத்துப் படிக்கலாம்.