“சொன்னால் பெர்மிட் போய்விடும்”

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது ஏழாவது மாடியில் வேலை. சாமான் ஏற்றுவதற்காக ஓரத்துக் கம்பித் தடுப்பைக் கழற்றியவர்கள் பத்து நாளாகத் திரும்ப மாட்டவில்லையாம். இடுப்பில் பெல்ட் கட்டச் சொல்கிறார்கள். அதன் கொக்கியை மாட்டக் கயிறு கட்டித் தரவில்லையாம். போன வாரம் கூட வேலை செய்யும் பங்களாதேஷ் பையன் வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பித்திருக்கிறார். சூப்பர்வைசரிடம் சொன்னதற்கு, “சீக்கிரம் முடி” என்றாராம். “மேலே போய்ச் சொன்னா பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஏத்தி விட்டுடுவாங்க” என்கிறார் இவர். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. அந்த ஊர் அரசாங்கத்திடம் இதைச் சொல்ல வழி உண்டா? பெயர் வெளியே தெரியுமா? நான் இங்கிருந்தே சொல்லலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒரத்தநாடு வட்டம்

பதில்: சகோதரி, வழி உண்டு. புகார் சொன்னவர் யார் என்பதை அங்குள்ள மனிதவள அமைச்சு ரகசியமாகவே வைத்துக்கொள்கிறது. நீங்களும் சொல்லலாம், ஆனால் உங்கள் கணவரோ, அவரோடு தங்கியிருப்பவர்களில் ஒருவரோ அங்கிருந்து சொல்வது நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஏழாவது மாடியைப் பற்றி. அங்கே 3 மீட்டருக்கு மேல் கீழே விழ வாய்ப்புள்ள இடத்தில் ஆளை ஏற்ற வேண்டுமானால், அந்த வேலைக்கென்று தனியாக எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சைட்டில் அதையும் ‘பெர்மிட்’ என்றுதான் சொல்வார்கள். உங்கள் கணவர் பயப்படும் பெர்மிட் வேறு, இது வேறு. திறந்து கிடக்கும் ஓரத்துக்குத் தடுப்பு வேண்டும். பெல்ட் கொடுத்தால் மட்டும் போதாது, அதை மாட்ட உறுதியான இடமும் வேண்டும். கொக்கி மாட்ட இடமில்லாத பெல்ட் இடுப்பில் தொங்கும் பாரம், அவ்வளவுதான். ஆக, உங்கள் கணவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. நிறுவனம் செய்தே தீர வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை என்று சொல்லப் போகிறார்.

இந்தக் கடுமை சும்மா வந்ததல்ல. 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலையில் ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கப்பல் பட்டறை ஒன்றில் தீப்பிடித்து ஏழு பேர் போனார்கள். அதன் பிறகுதான் பழைய தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இருந்தும் 2022இல் வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அது 36 ஆகக் குறைந்தது. உயரத்திலிருந்து விழுவது அந்தச் சாவுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

இனி, எப்படிச் சொல்வது? மனிதவள அமைச்சின் இணையதளத்தில் ‘ஸ்நாப்சேஃப்’ என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தான இடத்தைப் படம் பிடித்து, விவரம் எழுதி அனுப்ப வேண்டியதுதான். தொழிலாளி, வழிப்போக்கர், எதிர்க் கட்டடத்தில் குடியிருப்பவர், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

எதை எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “எங்க சைட்ல சேஃப்டியே இல்லை” என்று எழுதினால் அதிகாரி எங்கே போய் எதைப் பார்ப்பார்? எந்தச் சாலை, எந்தத் திட்டம், எந்த பிளாக், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கத்து ஓரம், எந்தத் தேதியிலிருந்து தடுப்பு இல்லை, எத்தனை மணிக்கு ஆட்கள் அங்கே நிற்கிறார்கள், இவ்வளவும் வேண்டும். அந்தப் பையன் வழுக்கிய நாளும் நேரமும் வேண்டும். சூப்பர்வைசரிடம் என்றைக்குச் சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்பதைத் தன் குறிப்புக்காக அன்றன்றே எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆட்கள் நிற்கும் நேரத்தைச் சொல்லாமல் விட்டால், அதிகாரி வரும் வேளையில் மாடி காலியாக இருக்கும். படம் இருந்தால் நல்லது. சைட்டுக்குள் போனுக்குத் தடை இருந்தால் அதை மீறிப் படம் எடுக்க வேண்டாம். அதையே சாக்காக வைத்து வேலையிலிருந்து நிறுத்திவிடக்கூடும். சரியான விவரம் இருந்தால் படம் இல்லாமலும் போய்ப் பார்ப்பார்கள்.

நீங்கள் இங்கிருந்து சொல்வதைவிட அவர் சொல்வது மேல் என்றேனே, அதற்குக் காரணமும் இதுதான். அதிகாரி திரும்பக் கூப்பிட்டு, “தூணுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது.

ஆபத்து உண்மை என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லி அமைச்சு உத்தரவு போடலாம். அபராதமும் போடலாம். பாதுகாப்பு விதிகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 2024 ஜூனில் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். வேலை நின்றால் சம்பளம் போகுமே என்று அறையில் பேசிக்கொள்வார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசிய மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்பது ஒர்க் பெர்மிட்டின் நிபந்தனை. ஓவர்டைம் போகும், அது உண்மை. வீட்டுக்கு வரும் பணத்தில் ஓவர்டைமின் பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் கொஞ்சம் குறைவாக வந்தால் தாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பயம். பாதுகாப்பு பற்றி அதிகாரியிடம் தகவல் சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதும், நீக்கிவிடுவேன் என்று மிரட்டுவதும் நான் முன்பு சொன்ன வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் பெர்மிட்டை எடுப்பதும் ரத்து செய்வதும் முதலாளி கையில் இருக்கிறது. “ஆள் அதிகம், புதுப்பிக்கவில்லை” என்று சொல்லி அனுப்பினால், அது இந்தப் புகாருக்காகத்தான் என்று நிரூபிப்பது கஷ்டம். சட்டத்தில் இந்த ஓட்டை இருப்பதை உங்களிடம் மறைப்பது நேர்மையாகாது. உங்கள் கணவர் ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்லியிருப்பதால் அவர்மேல் சந்தேகமும் வரலாம். அதனால் புகார் அனுப்பியதை சைட்டில் நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்ல வேண்டாம். கட்டட சைட்டுகளுக்கு யாரும் புகார் சொல்லாமலேயே அதிகாரிகள் சோதனைக்கு வருவது வழக்கம் என்பது அவருக்கு ஒரு மறைப்பு. இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்: கட்டட வேலைக்காரர்கள், பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம்.

எழுத வராது, ஆங்கிலம் தெரியாது என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கு 24 மணி நேரத் தொலைபேசி உண்டு: 6536 2692. பெர்மிட்டைக் கேன்சல் செய்வதாக யாராவது மிரட்டினால், விமானம் ஏறும் முன்பே கூப்பிட வேண்டிய எண்ணும் இதுதான். ஊருக்கு வந்த பிறகு போராடுவது மிகவும் கடினம்.

அந்தத் தடுப்பு திரும்ப மாட்டப்படும் வரை அந்த ஓரத்துக்குப் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். சகோதரி, அவர் இன்று இரவு போனில் கூப்பிடும்போது இந்த எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.