எந்தத் தீம் பார்க்குக்குப் போகலாம்?



பரீட்சை லீவு வந்தால் போதும், "தண்ணி விளையாட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். திண்டுக்கல் பக்கம் இருக்கிற நமக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, மதுரை பரவை அருகே உள்ள அதிசயம். இன்னொன்று, மேட்டுப்பாளையம் அருகே நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள பிளாக் தண்டர். எதற்குப் போவது?

டிக்கெட் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. வண்டி, சாப்பாடு, லாக்கர், வாடகைத் துணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டுவோம். அதிசயத்துக்குக் காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பலாம். பிளாக் தண்டருக்குப் போக மட்டுமே சுமார் நாலு மணி நேரம். வேன் பேசணும், இல்லையென்றால் தங்கணும்.

கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்க வேண்டியவை:

1. பிள்ளைக்குக் கட்டணம் வயதை வைத்தா, உயரத்தை வைத்தா? பல இடங்களில் உயரம்தான் கணக்கு. வீட்டிலேயே அளந்துட்டுப் போங்க.

2. என்ன துணி உடுத்தலாம்? சேலையோடு சறுக்கில் ஏற விடாத இடங்கள் உண்டு. தெரியாமல் போனால், முழு டிக்கெட் எடுத்த அம்மா பையைக் காத்துக்கொண்டு கரையில் உட்கார வேண்டியதுதான். நாமும் விளையாடத்தானே போறோம்!

3. கட்டுச்சோறு உள்ளே விடுவார்களா?

கைக்குழந்தையும் வயதான மாமியாரும் கூட வந்தால் பக்கத்து இடமே நல்லது. பிள்ளைகள் வளர்ந்திருந்தால், ஊட்டிக்குப் போகும்போது வழியில் பிளாக் தண்டரையும் பார்க்கலாம். வண்டிச் செலவு மிச்சம்.

ஒன்றை மறக்க வேண்டாம். தொழிலுக்கு வாங்கிய குழுக் கடனில் இதற்காகக் கை வைக்கக் கூடாது. வாரம் 50 ரூபாய் உண்டியலில் போட்டால் வருஷத்துக்கு 2,600 ரூபாய் சேரும்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் வீட்டுச் சுற்றுலாவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? அதில் நமக்கென்று என்ன இருக்கிறது?