பித்தப்பைக்கும் காலையில் வேலை வேண்டும்

என் செல்ல வள்ளிக்கு,

உன் அம்மா போனில் ஒரே புலம்பல். விடியற்காலை ரயிலுக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிறாயாம். மத்தியானம் நாலு வெள்ளரித் துண்டு, ராத்திரி ஒரு டம்ளர் மோர். எண்ணெய் என்றாலே முகம் சுளிக்கிறாயாம். தணிகை மலையின் 365 படியையும் மூச்சு வாங்காமல் ஏறுகிறவளுக்கு எதற்கடி கண்ணே இந்தப் பட்டினி?

கிருத்திகைக்கு ஒருபொழுது இருப்பதை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. அது மாதத்தில் ஒரு நாள். உனக்கோ மாதம் முழுக்கக் கிருத்திகையாக இருக்கிறது!

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது பித்தப்பைக் கல்லோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, "நேற்று விருந்தில் வடை தின்றேன், அதனால்தான்" என்பார்கள். வலியைக் கிளப்பியது வேண்டுமானால் வடையாக இருக்கலாம். கல் அதற்கு வெகு நாள் முன்பே சேர்ந்தது.

கல்லீரல் ஓயாமல் பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பங்கு பித்தப்பைக்குப் போய், நீர் வற்றிக் கெட்டியாகிக் காத்திருக்கும். பை சின்னதுதான், 30 முதல் 50 மில்லி பிடிக்கும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பையின் தசையைச் சுருங்க வைக்கும். பித்தநீர் வெளியேறும். சாப்பாடே வராவிட்டால் பை எதற்குச் சுருங்கும்? கலக்காத ரசம் போல அடியில் மண்டி கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஸ்லட்ஜ்' என்று போடுவது இதைத்தான். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிகுந்துவிட்டால் அது பையின் தசையிலும் ஏறி, சுருங்கும் வலுவைக் குறைக்கும். வலுக் குறைந்த பை இன்னும் தேக்கும். மண்டி கல்லாகும்.

வேகமாக இளைப்பது இதற்கு மேலும் வழி விடும். உடம்புக் கொழுப்பு கரையக் கரைய, கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளும். வாரம் 1.5 கிலோவுக்கு மேல் இளைப்பவர்களுக்குக் கல் வரும் அபாயம் அதிகம். நாளைக்கு நீ பிள்ளை உண்டானால் புரோஜெஸ்டிரானும் அந்தத் தசையைத் தளர்த்தும். பெண்களுக்கு இந்தக் கல் அதிகம் வர இதுவும் ஒரு காரணம்.

"அதெல்லாம் வடக்கத்தியருக்கு வருவது பெரியம்மா" என்பாய். 1968-ல் மல்ஹோத்ரா என்ற மருத்துவர் ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து, தெற்கைவிட வடக்கில் ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துத் தெற்கத்தியர் யாரும் உன்னைப் போல் இட்லியை ஒதுக்கவில்லையே!

இளைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாக இளை. ரயிலேறுமுன் இரண்டு இட்லி, பொடியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். அந்தக் கொஞ்சம் எண்ணெய்தான் பையைச் சுருங்க வைக்கும்.

எப்போதாவது மேல்வயிற்றில் வலி வந்து வலது தோள்பட்டைக்கு ஏறினால், வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டு உட்காராதே. சிறுநீரகக் கல்லுக்கு ஊரார் சொல்வது அது, பித்தப்பைக் கல்லைக் கரைக்காது. வலியோடு காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. சும்மா ஸ்கேனில் தெரிந்து வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது, அதற்காகப் பயப்படவும் வேண்டாம்.

நாளைக் காலை சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் போடு. என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன்.

அன்புடன்,
பெரியம்மா