மெம்பூல்: பணம் வந்துச்சா, வரலையா?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நானும் நண்பனும் பிட்காயின் வாங்கிக்கிற ஒரு கடைப் பக்கம் பண்ணினோம். நிஜப் பணம் இல்ல. ரெக்டெஸ்ட், அதாவது நம்ம லேப்டாப்லயே ஓடுற சோதனை நெட்வொர்க். டிரான்சாக்ஷன் எங்க நோடுக்கு வந்த உடனே “பணம் வந்தாச்சு”ன்னு பச்சை டிக் விழும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி நண்பன் சும்மா இருக்காம, அதே காயினை அதிகக் கட்டணத்தோட தன் முகவரிக்கே திருப்பி அனுப்பி, ஒரு பிளாக் மைன் பண்ணிட்டான். டிக் அப்படியே இருக்கு, வாலட்ல பணம் இல்ல!

மெம்பூலை ரசீதுன்னு நெனச்சதுதான் தப்பு. அது பிளாக்ல ஏறாத டிரான்சாக்ஷன்கள் காத்திருக்கிற இடம். ட்ரெயின் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரின்னு சொல்லுவாங்க, ஆனா ரயில்வேக்கு ஒரே லிஸ்ட். இங்க ஒவ்வொரு நோடும் தன் மெமரியில தனி லிஸ்ட் வெச்சிருக்கு. ரெண்டு நோடோட லிஸ்ட் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்ல.

பரவுற விதம் எளிமையானது. ஒரு நோட் முதல்ல கையெழுத்து சரியா, காயின் ஏற்கெனவே செலவாயிடுச்சா, கட்டணம் போதுமான்னு பார்க்கும். சரின்னா பக்கத்து நோடுகளுக்கு முழு டிரான்சாக்ஷனையும் அனுப்பாது. “இது எங்கிட்ட இருக்கு”ன்னு 32 பைட் ஹாஷ் மட்டும் போகும். இல்லாதவங்க கேட்டு வாங்கிப்பாங்க. இந்த அறிவிப்பையும் கொஞ்சம் தாமதிச்சுதான் அனுப்பும். முதல்ல அனுப்பினது யாருன்னு சுலபமா கண்டுபிடிக்க முடியக் கூடாதே!

பிட்காயின் கோர்ல மெம்பூலுக்கு இயல்பான அளவு 300 எம்பி. நிறைஞ்சா, பைட்டுக்குக் குறைஞ்ச கட்டணம் தர்றது முதல்ல வெளியே போகும். 336 மணி நேரம், அதாவது 14 நாள், ஆனாலும் நீக்கிடும். ஆனா நீக்கினா ரத்துன்னு அர்த்தமில்ல. கையெழுத்து செல்லும், யார்கிட்டயாவது பிரதி இருந்தா மறுபடி அனுப்பலாம். நிஜமா ரத்து பண்ணணும்னா அதே காயினை வேற டிரான்சாக்ஷன்ல செலவழிச்சு, அது பிளாக்ல ஏறணும். நண்பன் பண்ணினது அதேதான். முன்னாடியெல்லாம் அனுப்புறவர் “இதை மாத்தலாம்”னு குறி வெச்சாத்தான் நோடுகள் மாற்றை ஏத்துக்கும். 2024-ல வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து குறி தேவையில்ல, கூடுதல் கட்டணம் இருந்தா போதும்.

எங்க பக்கத்துல இப்போ முதல்ல “காத்திருக்கு”ன்னு மஞ்சள்தான். பச்சை, பிளாக்ல ஏறின அப்புறம்தான். ரிவ்யூல அதுக்குத்தான் நல்ல பேர் கிடைச்சுது, பக்கத்தோட டிசைனுக்கு இல்ல. (டிசைன் என்னோடது.)

நீங்களே பார்க்கணும்னா ரெக்டெஸ்ட்ல ரெண்டு நோட் ஓட்டி, ஒண்ணுக்கொண்ணு இணைங்க. ரெண்டாவதுல மட்டும் குறைந்தபட்சக் கட்டணத்தை ஏத்தி வெச்சிட்டு, முதல் நோடுலேர்ந்து குறைஞ்ச கட்டணத்துல ஒண்ணு அனுப்புங்க. முதல் மெம்பூல்ல இருக்கும், ரெண்டாவதுல இருக்காது. இப்போ முதல் நோட்ல ஒரு பிளாக் மைன் பண்ணுங்க. வேணாம்னு சொன்ன அதே டிரான்சாக்ஷனை, பிளாக்குக்குள்ள வந்ததும் ரெண்டாவது நோட் மறுபேச்சில்லாம ஏத்துக்கும். கட்டண வரம்பு அந்த நோடோட சொந்த விருப்பம்தான், நெட்வொர்க் விதி இல்ல.