கஜானாவில் பணம் இருக்கும்போதே கதவு சாத்தப்படுவது ஏன்?

ஜொகூர் பாரு

அன்புள்ள தம்பிக்கு,

பெங்காஜியான் அம் என்னும் பொது ஆய்வுப் பாடத்துக்காக நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். மூன்றாம் பத்தியில், "வரி வசூல் குறைந்து கையில் காசில்லாமல் போனதால் 2011-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில அரசு மூடப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டேன். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியும் எழுதியிருந்தாய்: "ஜொகூரிலும் இப்படி நடக்குமா ஐயா?" கோடு போட்ட காரணமும் உன் கேள்விக்கான பதிலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதை ஓரத்தில் எழுதி முடிக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம். கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல் எல்லாம் நீ மனப்பாடமாகச் சொல்வாய். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காசில்லாமல் அரசு மூடப்பட்டது என்று படித்தவர்களும் எழுதுகிறார்கள். தொலைபேசியில் இரண்டு நிமிடக் காணொளி பார்த்தவர்களும் சொல்கிறார்கள். எனக்கு இது தீராத எரிச்சல். மினசோட்டாவின் கருவூலம் அன்று காலியாக இல்லை. வரி வந்துகொண்டுதான் இருந்தது. எடுத்துச் செலவழிக்க அனுமதிதான் இல்லை. நம் கோயில் நிர்வாகக் குழுவின் வங்கிக் கணக்கை நினைத்துப் பார். காசோலையில் தலைவரும் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். கணக்கில் ஐம்பதாயிரம் ரிங்கிட் கிடந்தாலும், பொருளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டால் குருக்களுக்குச் சம்பளம் கிடையாது. அரசு முடங்குவதும் இப்படித்தான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆளுநர் மார்க் டேய்ட்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். பெரிய கடைத்தொகுதிகளை நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவரே வருமானத்தில் உச்சியில் இருக்கும் 2 விழுக்காட்டினரிடம் கூடுதல் வரி வாங்கிப் பற்றாக்குறையை அடைக்க வேண்டும் என்றார். பற்றாக்குறை ஏறக்குறைய 500 கோடி டாலர். சட்டமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியிடம் இருந்தன. வரி கூடாது, செலவைக் குறை என்றார்கள். ஜூன் 30 நள்ளிரவோடு நிதிக்காலம் முடிந்தது. ஜூலை 1 அன்று சுமார் 22,000 அரசு ஊழியர்கள் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சுதந்திர தின விடுமுறையில் மாநிலப் பூங்காக்களின் வாயில்கள் பூட்டியிருந்தன. நெடுஞ்சாலை ஓய்விடங்களுக்குத் தடுப்பு போட்டார்கள். லாட்டரி நின்றது. கேன்டர்பரி பார்க் குதிரைப் பந்தயத் திடல் தன் சொந்த வருமானத்தில் நடப்பது. மேற்பார்வையிடும் ஆணையத்தின் ஊழியர்கள் வேலையில் இல்லை என்பதால் அதையும் மூடச் சொன்னார்கள். மில்லர்கூர்ஸ் பீர் நிறுவனம் தன் 39 வகைகளுக்கான பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தது. அந்தத் தாளை எடுத்து முத்திரை குத்த ஆளில்லாததால், எல்லாவற்றையும் கடைகளிலிருந்து அகற்றச் சொல்லும் நிலை வந்தது. எந்தச் சேவை அத்தியாவசியம், எது இல்லை என்று ராம்சி மாவட்ட நீதிபதி கேத்லீன் கெரின் ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சமரசத்தால் இருபதாம் நாள் முடக்கம் முடிந்தது. பணக்காரர்களுக்கு வரி போடவில்லை. பள்ளிகளுக்குத் தர வேண்டிய 70 கோடி டாலரைத் தள்ளிப்போட்டார்கள். புகையிலை நிறுவனங்களிடமிருந்து வருங்காலத்தில் வர வேண்டிய இழப்பீட்டை அடமானமாக வைத்துக் கடன்பத்திரம் விற்றார்கள். அத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் நாளைய பணத்தை எடுத்து இன்றைய ஓட்டையை அடைத்தார்கள். இதை நான் மன்னிக்கவில்லை.

இப்போது கவனமாகப் படி. சட்டம் அனுமதித்தாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று மினசோட்டா அரசியலமைப்பு சொல்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 104-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. இந்தியாவிலும் அப்படித்தான். விதி ஒன்றாக இருக்க, அங்கே அலுவலகம் மூடுகிறது, இங்கே மூடுவதில்லை. ஏன்?

நம் மக்கள் அமைதியானவர்கள், தலைவர்கள் விட்டுக்கொடுப்பவர்கள் என்று பதில் எழுதாதே. அது முகஸ்துதி. மினசோட்டாவில் பட்ஜெட் சண்டைக்காக ஆளுநரைச் சட்டமன்றம் நீக்க முடியாது, சட்டமன்றத்தை ஆளுநர் கலைக்க முடியாது. இருவருக்கும் மக்கள் தனித்தனியே வாக்களித்திருக்கிறார்கள். இருவரும் அசையாமல் நின்றால் நடுவில் இருக்கும் அலுவலகம்தான் விழ வேண்டும். நம்முடைய முறையில், ஆண்டுச் செலவை அனுமதிக்கும் வழங்கல் மசோதா தோற்றால் அமைச்சரவை விழும். மாநிலத் தலைமை அமைச்சரான மந்திரி பெசார் பதவி விலக வேண்டும், அல்லது சட்டமன்றத்தைக் கலைக்கச் சுல்தானின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். விழுவதற்கு ஓர் ஆள் எப்போதும் தயாராக இருப்பதால் நில அலுவலகக் கவுண்டர் திறந்திருக்கிறது.

அமெரிக்காவிலும்கூட அலுவலகத்தை மூடுவது ஆதியிலிருந்து வந்த வழக்கம் அன்று. கூட்டரசு மட்டத்தில் ஒதுக்கீடு தாமதமான காலங்களில் 1980 வரை அலுவலகங்கள் பெரும்பாலும் திறந்தே இருந்தன. அந்த ஆண்டு தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி, அனுமதியில்லாமல் வேலை செய்ய வைப்பது சட்டவிரோதம் என்று ஒரு கருத்துரை எழுதினார். அதற்குப் பிறகுதான் கதவடைப்பு வழக்கமானது. ஒரு வழக்கறிஞரின் எழுத்து இத்தனை தூரம் போகும்.

சரி, அமைச்சரவையும் விழவில்லை, பட்ஜெட்டும் நிறைவேறவில்லை என்றால்? இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதில்தான் இருக்கிறது: 1968, பஞ்சாப். அதன் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். துப்பறியும் கதை போல இருக்கும்.

1967 நவம்பரில் லச்மன் சிங் கில், குர்னாம் சிங்கின் ஐக்கிய முன்னணியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, காங்கிரஸ் ஆதரவோடு முதலமைச்சரானார். ஆனால் சபாநாயகர் நாற்காலியில் இருந்த ஜோகிந்தர் சிங் மான் முந்தைய ஆட்சிக் காலத்தில் தேர்வானவர். 1968 மார்ச் முதல் வாரம், பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில், அவர்மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அவையில் ஒரே கூச்சல். மார்ச் 7 அன்று சபாநாயகர் அவையை இரண்டு மாதத்துக்கு ஒத்திவைத்தார். நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. இரண்டு மாதம் என்றால் மே. ஏப்ரல் 1 முதல் ஒரு காசுகூட எடுக்க முடியாது. முதலமைச்சருக்குப் பெரும்பான்மை இருந்தது, கருவூலத்தில் பணம் இருந்தது. வாக்கெடுப்பு நடத்த அவைதான் இல்லை.

ஆளுநர் பவாட்டே மார்ச் 11 அன்று கூட்டத்தொடரை முடித்துவைத்தார். அதனால் ஒத்திவைப்பு செயலிழந்தது. 13-ஆம் தேதி ஓர் அவசரச் சட்டம்: நிதி அலுவல் முடியும்வரை, அவையே தீர்மானம் போட்டாலன்றி அவையை ஒத்திவைக்க முடியாது. 18-ஆம் தேதி அவை மீண்டும் கூடியது. சபாநாயகர் தன் பழைய ஒத்திவைப்பே செல்லும் என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். துணைச் சபாநாயகர் நாற்காலியில் அமர்ந்தார். அமளிக்கு நடுவே நிதி ஒதுக்க மசோதாக்கள் நிறைவேறின. பண மசோதாவில் சபாநாயகரின் சான்று இருக்க வேண்டும் என்கிறது இந்திய அரசியலமைப்பு. இவற்றில் சான்றளித்ததோ துணைச் சபாநாயகர். அந்தக் கையெழுத்து செல்லுமா? பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றார்கள். யோசித்துப் பார் தம்பி. பல வாரமாக அந்த மாநிலத்தில் கொடுத்த சம்பளம், வாங்கிய மருந்து, போட்ட சாலை எல்லாம் சட்டப்படி ஆதாரமற்றவை ஆகிவிட்டன. ஜூலையில் உச்சநீதிமன்றம், தலைமை நீதிபதி ஹிதாயதுல்லாவின் எழுத்தில், அதைத் திருப்பியது. ஆளுநர் செய்தது சரி, நிதி அலுவலைக் காலத்துக்குள் முடிக்க விதி செய்ய அரசியலமைப்பே இடம் தந்திருக்கிறது, சான்றில் உள்ள குறைக்காகச் சட்டம் விழுந்துவிடாது.

ஓர் அரசைக் காப்பாற்றுவது தலைவர்களின் நல்ல குணம் அல்ல, முன்யோசனையோடு எழுதப்பட்ட நடைமுறை விதி என்று நான் வகுப்பில் ஓயாமல் சொல்வதற்கு இந்த வழக்குதான் காரணம். இந்திய அரசியலமைப்பின் 209-ஆம் பிரிவு யாரும் மேடையில் பேசாத பிரிவு. பஞ்சாபைக் காப்பாற்றியது அதுதான். இலங்கையிலும் 2018 அக்டோபரில் பிரதமரை அதிபர் திடீரென நீக்கிய குழப்பத்தில், மறு ஆண்டுக்கான பட்ஜெட் குறித்த நேரத்தில் வரவில்லை. டிசம்பரில் பழைய பிரதமர் திரும்பி வந்து, ஆண்டு முடிவதற்குள் முதல் நான்கு மாதங்களுக்கு மட்டும் இடைக்காலக் கணக்கறிக்கையை நிறைவேற்றித்தான் தப்பித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 டிசம்பர் 15 அன்று கூட்டரசு பட்ஜெட் மக்களவையில் 111-க்கு 108 என்ற கணக்கில் தேறியது. இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் தோற்றிருக்கும். தோற்றிருந்தால் அப்போதைய பிரதமர் முகிதின் யாசினின் அமைச்சரவை விழுந்திருக்குமே தவிர, மறுநாள் சுல்தானா அமினா மருத்துவமனை பூட்டியிருக்காது. அதே மாதம் பேராக்கில் மந்திரி பெசார் பைசால் அசுமு நம்பிக்கை வாக்கெடுப்பில் 10-க்கு 48 என்று தோற்றார். சில நாளில் சாரானி முகமது பதவியேற்றார், அரசு ஊழியர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். நம் ஜொகூரையே பார். 2022 ஜனவரியில் ஆளும் தரப்புக்கு 28, எதிர்த்தரப்புக்கு 27. ஒரே ஓர் இடம். மந்திரி பெசார் ஹஸ்னி முகமது சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார், சுல்தான் ஒப்புக்கொண்டார், மார்ச் 12 அன்று நாம் வாக்களித்தோம். 56-இல் 40 இடங்களோடு தேசிய முன்னணி வந்தது. மினசோட்டாவில் இருபது நாள் முடக்கமாக வெடித்த நெருக்கடி இங்கே தேர்தலாக முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. உன் கட்டுரையில் அது இல்லவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். மினசோட்டாவின் சண்டை வருமான வரியைப் பற்றியது. ஜொகூர் சட்டமன்றம் எந்த வரியைப் பற்றிச் சண்டை போடும்? வருமான வரி, சுங்கம், விற்பனை சேவை வரி எல்லாம் புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசுக்கு. மாநிலத்துக்கு நிலம், காடு, கனிமம், கேளிக்கை வரி, சில கட்டணங்கள். மே 31-க்குள் நீங்கள் கட்டும் நில வரி ரசீதை வீட்டில் எடுத்துப் பார், மாநில அரசின் வரி அதிகாரம் ஏறக்குறைய அந்தத் தாளில் அடங்கிவிடும். தலைக்கணக்கு மானியமும் சாலை மானியமும் 109-ஆம் பிரிவின்படி கூட்டரசிலிருந்து வருகின்றன. பள்ளி, மருத்துவமனை, போலீஸ், பாலத்துக் குடிநுழைவு எல்லாமே கூட்டரசுச் சம்பளத்தில் நடப்பவை. மாநில அரசின் நிர்வாக மையமான கோத்தா இஸ்கண்டார் ஒரு மாதம் இருண்டு கிடந்தாலும் பாசிர் கூடாங்கில் உன் தம்பி பள்ளிக்குப் போவான். இதை நல்ல செய்தி என்று நான் சொல்லவில்லை. பணக்காரனிடம் எவ்வளவு வாங்குவது என்று வாதிட முடியாத ஒரு சட்டமன்றம் பாதிச் சட்டமன்றம்தான். ஜொகூரில் திரளும் வரியில் பெரிய பங்கு ஜொகூருக்கே திரும்ப வேண்டும் என்ற குரல் இப்போது உரக்கக் கேட்கிறது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் பங்கு மட்டும் கேட்டால் போதாது. வரி போடும் பொறுப்பையும் அந்தப் பொறுப்போடு வரும் சண்டையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதே மண்ணில் வருவாய் எப்படி வந்தது என்று கார்ல் டிராக்கி எழுதிய நூலைப் படித்த நாள்முதல் எனக்கு ஓர் ஆதங்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜொகூரில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு நடந்தது. மிளகும் காம்பியரும் பயிரிட்ட சீனக் கூலி, இரவில் அபின் வாங்கினான், அந்தக் காசில் அரண்மனைகளும் சாலைகளும் எழுந்தன. யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை, ஆகவே எந்த முடக்கமும் வரவில்லை. 1895-இல், மலாய் மாநிலங்களிலேயே முதலாவதாக ஜொகூர் எழுத்தில் ஓர் அரசியலமைப்பைப் பெற்றது. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறீர்கள். உன் வகுப்பில் ஒருவராவது அதைத் திறந்து பார்த்ததுண்டா?

மூன்றாம் பத்தியைத் திருத்தி அனுப்பு. அதோடு ஒரு வேலை. புதிய ஆண்டின் வழங்கல் சட்டம் நிறைவேறும் முன்பே, ஆண்டின் ஒரு பகுதிக்குச் செலவை அனுமதிக்க 102-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழி தந்திருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவுவரை ஜொகூரின் மசோதா நிறைவேறவில்லை என்று வைத்துக்கொள். ஜனவரியில் குளுவாங் நில அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் அதிகாரி, ஜொகூர் அரசியலமைப்பின் எந்த விதியைக் காட்டிக் கையெழுத்திடுவார்? கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடி, விதி எண்ணோடு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்