வீதியோரத் தாவரச் சாகியமும் ஆக்கிரமிப்பு இனங்களும்

வீதியோர மண் அடிக்கடி கிளறப்படுகிறது. அங்கு நிழல் குறைவு. வெற்று நிலம் அதிகம். விரைவாக வளர்ந்து ஏராளமான வித்துகளைத் தரும் தாவரங்களுக்கு இது ஏற்ற இடமாகும். வாகனச் சில்லுகளில் ஒட்டிய சேறு, ஏற்றிச் செல்லப்படும் மணல், கால்நடைகள், மழைநீர் ஆகியவற்றுடன் வித்துகள் வீதி வழியே பரவுகின்றன.

அந்நிய இனம் யாவும் ஆக்கிரமிப்பு இனம் அன்று. மிளகாயும் பப்பாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. தானாகப் பரவிச் சூழலுக்கோ பயிர்களுக்கோ தீங்கு விளைவிக்கும் அந்நிய இனமே ஆக்கிரமிப்பு இனமாகும்.

உதாரணம்: பார்த்தீனியம். இதுவும் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. ஒரு தாவரம் 15 000 இற்கும் மேற்பட்ட வித்துகளைத் தரக்கூடியது. இது வெளிவிடும் இரசாயனப் பதார்த்தங்கள் அயல் தாவரங்களின் முளைத்தலைத் தடுக்கும். மனிதரில் தோல் ஒவ்வாமையையும் ஏற்படுத்தும்.

ஆய்வு முறை

1. வீதி விளிம்பை அண்டி ஒரு கீலத்தையும், விளிம்பிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் இன்னொரு கீலத்தையும் தெரிவுசெய்க.
2. ஒவ்வொன்றிலும் 1 மீற்றர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை எழுமாறாக 10 இடங்களில் வைக்குக.
3. சட்டத்தினுள் உள்ள இனங்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் பதிக.

கவனிக்க: பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வீதியில் வாகனங்களை அவதானித்துக்கொள்ளுங்கள்.

கணித்தல்

மீடிறன் = (இனம் காணப்பட்ட சட்டங்கள் ÷ மொத்தச் சட்டங்கள்) × 100
அடர்த்தி = மொத்தத் தாவரங்கள் ÷ மொத்தப் பரப்பளவு

பயிற்சிக்கான மாதிரித் தரவு:
விளிம்பு: பார்த்தீனியம் 8 சட்டங்களில் 96, தும்பை 2 சட்டங்களில் 5.
10 மீற்றர் தூரம்: பார்த்தீனியம் 2 சட்டங்களில் 11, தும்பை 7 சட்டங்களில் 42.

விளிம்பில் பார்த்தீனியத்தின் மீடிறன் 80%. அடர்த்தி சதுர மீற்றருக்கு 9.6. 10 மீற்றர் தூரத்தில் இவை முறையே 20%, 1.1 ஆகும்.

முடிவு எழுதும்போது

"பார்த்தீனியம் தும்பையை அழித்துவிட்டது" என்று எழுதினால் புள்ளி இழப்பீர்கள். விளிம்பில் மண் கிளறப்படுவதும் தும்பை குறைவதற்குக் காரணமாகலாம். "பார்த்தீனியம் அதிகமுள்ள இடத்தில் தும்பை குறைவாக உள்ளது" என்பதே இத்தரவு தரும் முடிவாகும். காரணத்தை அறிய, ஒரு பகுதியில் பார்த்தீனியத்தை அகற்றி, அகற்றாத பகுதியுடன் ஒப்பிட வேண்டும்.

தூரத்திலுள்ள 11 தாவரங்கள் என்ற சிறிய எண்ணே இங்கு முக்கியமானது. பூக்குமுன் கண்டறிந்தால் அவற்றை ஒரே நாளில் வேருடன் அகற்றலாம். வித்து விழுந்தபின் அடுத்துள்ள தோட்டக்காரர் பல ஆண்டுகள் களை பிடுங்க நேரிடும்.

பயிற்சி வினாக்கள்

1. இரு கீலங்களிலும் தும்பையின் மீடிறன், அடர்த்தி ஆகியவற்றைக் கணிக்குக.
2. பார்த்தீனியம் செறிந்த இடங்களில் மட்டும் சட்டத்தை வைத்தால் பெறப்படும் அடர்த்தி எவ்வாறு மாறும்? காரணம் தருக.